ஆறுக்குட்டிக்கு ஒரு கடையடைப்பு

கல்தொட்டிப்பாளையத்தில் சாவு என்பது காதில் விழுகிற விஷயம். முதலில் மைக்செட் ரபீக்கின் ஆட்டோ கடைவீதியின் முனையில் வந்து நின்று தொண்டையைச் செருமும், பிறகு "நமது அனைத்து வணிகர் சங்கத்தின் உறுப்பினர்" என்று அந்தக் குரல் தொடங்கும், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாத்திரக்கடையில் ஒரு ஷட்டர் விழும், அடுத்தது ஜவுளிக்கடையில், அடுத்தது மளிகையில், இப்படியே உரக்கடை வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து போகிற அந்த இரும்புச் சத்தம் பெரிய மில்லின் மதில்சுவரைத் தாண்டிப் பஞ்சுக்குள் நிற்கிறவனின் காதுக்கும் வந்து சேரும். யாரோ ஒரு கடைக்காரன் போய்விட்டான் என்று அவன் தெரிந்துகொள்வான். மில்லுக்குள் ஒருவன் செத்தால் அப்படி எந்தச் சத்தமும் கிடையாது. ஓடுகிற மெஷின்கூட நிற்காது.

அந்த ஊரில் சங்கத்துக்குப் பஞ்சமில்லை. மில் அதிபர்களுக்கு ஒரு சங்கம், நகைக்கடைக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் தலைமேலே அனைத்து வணிகர் சங்கம். சந்தை எந்தப் பக்கம் கூட வேண்டும், பஸ் எங்கே நிற்க வேண்டும், எந்தத் தள்ளுவண்டி எந்தச் சந்துக்குள் ஒதுங்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சங்கக் கட்டடத்தின் மாடியில் மிக்சரும் காப்பியுமாக உட்கார்ந்துதான் முடிவு செய்தார்கள். மில்லில் வேலைநிறுத்தம் என்றால் மறுநாளே தொழிலாளி வீட்டுக்கு அரிசி கடன் தருவதில்லை என்று தீர்மானம் போட்டதும் அதே மாடிதான். பிள்ளைகள் பசித்து அழ ஆரம்பித்தால் போராட்டம் எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நாலு தொழிலாளி கூடிப் பேசினால் சட்டவிரோதம், நாலு முதலாளி கூடிப் பேசினால் ஊர்நலன் என்று அந்த ஊரில் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உறுப்பினர் இறந்தால் பிணம் ஊர் எல்லையைத் தாண்டும்வரை ஒரு கடையும் திறக்கக்கூடாது என்பது சங்கத்தின் வழக்கம். ஒருமுறை ஒரு பழக்கடைக்காரர் பாதி ஷட்டரைத் தூக்கி யாருக்கோ எலுமிச்சம்பழம் விற்றார். அவர் கடைக்குச் சரக்கு வருவது நின்றது, உறவுக்காரர்கள்கூட அவரோடு பேசவில்லை, கடைசியில் சங்கக் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று தலைவர் தெய்வசிகாமணியிடம் எல்லோர் முன்னாலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீதியின் கைகளே பழகிக்கொண்டன. காது கேட்கும், கை இழுக்கும், நடுவில் மூளைக்கு வேலை கிடையாது.

மில் முதலாளியின் தாயார் இறந்த அன்று மருந்துக்கடையையும் சேர்த்தே அடைத்தார்கள். அன்றைக்கு மயிலாத்தாள் தன் புருசனுக்கு மூச்சுக்கு இழுக்கிற மருந்து வாங்க ஒவ்வொரு ஷட்டராகத் தட்டிக்கொண்டே வீதி முழுக்க நடந்தாள், ஒருவரும் திறக்கவில்லை. புருசன் ஆறுக்குட்டி மில்லில் பஞ்சைச் சீவிச் சுத்தம் பண்ணுகிற கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர், பஞ்சுத்தூசியை மூச்சாக இழுத்தே நெஞ்சு அடைத்துப் போனவர். பொழுது சாயும்வரை கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு ஏங்கிவிட்டு, ஷட்டர்கள் மறுபடி தூக்கப்படுகிற சத்தம் கேட்டதும், "மொதலாளியம்மாவுக்கு நானும் அடைச்சு மரியாத பண்ணீட்டேன் மயிலா" என்று சிரித்தார். சிரித்ததில் மறுபடியும் இருமல் வந்தது.

அந்த ஆறுக்குட்டிதான் ஐப்பசி மாதத்து ஒரு காலையில், கார்டிங் மெஷினுக்குப் பக்கத்தில், புருவத்தில் பஞ்சோடு செத்துப்போனார். மெஷின் நிற்கவில்லை. மில் டாக்டர் மாரடைப்பு என்றார்.

மயிலாத்தாள் அழுவதை ஒத்திப்போட்டுவிட்டுச் சங்கத்து மாடிக்கு ஏறினாள். அவளும் ஒரு காலத்தில் மில்லில் நூல் சுற்றியவள், ஒரு வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் நின்றதற்காக வெளியே தள்ளப்பட்டு, மில் கேட்டில் தள்ளுவண்டி போட்டுப் போண்டாவும் டீயும் விற்று வந்தவள். அந்த மாடியில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை, அவள் வண்டியை எத்தனையோ தடவை அப்புறப்படுத்தியவர்களே அவர்கள்தான்.

"ஏனுங்க தலைவரே, நாள் பூரா வேண்டாமுங்க. அவரு வீதிக்குள்ள நொழைஞ்சு வெளிய போற வரைக்கும் அடைச்சு வெச்சாப் போதும்."

பாத்திரக்கடை தெய்வசிகாமணி மிக்சர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஆறுக்குட்டி தங்கமான மனுசன், நான் இல்லேங்கல. ஆனா சங்கத்துல உறுப்பினரா சொல்லு?"

"உங்க கடையில சட்டி பான வாங்குன ஆளுங்க."

"வாங்குனவனுக்கெல்லாம் அடைச்சா நாங்க எப்பம்மா தொறக்கறது?" என்றார் செயலாளர் மோகனசுந்தரம், ஜவுளிக்கடைக்காரர். மாடி சிரித்தது.

"மொதலாளியோட அம்மா எந்தக் கடை வெச்சிருந்தாங்க?"

சிரிப்பு நின்றது. "அது மரியாதை" என்றார் தெய்வசிகாமணி.

"நானும் அதத்தானுங்க கேக்கறேன்."

"சரி, சங்கத்து சார்பா ஒரு ரோஜா மாலை போடச் சொல்றேன், போ."

"மாலை வாடிப்போயிருமுங்க. எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

அவர்கள் மறுபடி சிரித்தார்கள். அவள் இறங்கிப் போனாள்.

மில் ரோட்டிலிருந்து சுடுகாட்டுக்குப் போக வேண்டுமானால் கடைவீதிக்குள் திரும்பித்தான் போகவேண்டும். சாயங்காலம் கார்டிங்காரர்கள் நாலுபேர் பாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், முன்னால் இருந்தவன் கிட்டான். கடைவீதியில் எல்லாக் கடையும் திறந்திருந்தது, ஒரு கடையில் சினிமாப் பாட்டு ஓடியது, ஜவுளிக்கடைப் பொம்மைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் பாடை வீதிக்குக் குறுக்காக வந்தபோது கிட்டானின் தோளில் கனம் இல்லாமல் போயிற்று. அவன் தோளை இறக்கினான். பாடை இறங்கவில்லை. மற்ற மூன்று பேரும் விலகி நின்றார்கள். தென்னங்கீற்றும் மூங்கிலும் சாமந்திப்பூவுமாக ஆறுக்குட்டி தோள் உயரத்தில், ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் மின்கம்பத்தையும் தொட்டும் தொடாமலும் வீதியின் வாயை அடைத்துக்கொண்டு அந்தரத்தில் படுத்திருந்தார்.

"கடைய அடைக்கச் சொல்றாருடா" என்றான் கிட்டான், லாரி இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரலில்.

தெய்வசிகாமணி கடையிலிருந்து இறங்கி வந்து பாடைக்குக் கீழே குனிந்து பார்த்தார், மேலே பார்த்தார். "எத்தன நேரத்துக்கு இப்பிடி நிக்கும்?"

"நீங்க அடைக்கற வரைக்குமுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"அப்ப நிக்கட்டும்."

லாரி சங்கத்துக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், கயிறு அறுந்தது, பாடையிலிருந்து ஒரு சாமந்திகூட உதிரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வந்து போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஆறுக்குட்டி பேரில் ஒரு வழக்கு எழுதிக்கொண்டு போனார். அதன்பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. மூட்டை தூக்குகிறவன் மூட்டையைக் கீழே இறக்கித் தள்ளிக்கொண்டு போனான், சைக்கிள்காரன் இறங்கித் தலையைத் தாழ்த்திப் போனான், கல்யாண ஊர்வலத்து மாப்பிள்ளை தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து போனான், மில் ரோட்டில் மாடிவீடு கட்டிக் குடியிருந்த தெய்வசிகாமணியும் மோகனசுந்தரமும் மற்றக் கடைக்காரர்களும் காலையில் கடைக்கு வரும்போதும் ராத்திரி வீட்டுக்குப் போகும்போதும் ஆறுக்குட்டிக்குக் கீழே குனிந்தே போய் வந்தார்கள். முதல் நாட்களில் முதுகு வலிக்கிறது என்றார்கள். பிறகு அதையும் சொல்லவில்லை.

ஆறுக்குட்டி கெடவில்லை. மூன்றாம் ஷிப்டு முடித்து வந்து படுத்தவரைப் போலக் கிடந்தார். மயிலாத்தாள் தினமும் ஸ்டூல் போட்டு ஏறி ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு இறங்கினாள். புருசனை எரிக்கவில்லை, அதனால் தாலியைக் கழற்றவில்லை, பொட்டு வைக்கவும் இல்லை. சொந்தக்காரர்களின் நல்லது கெட்டது எதற்கும் அவளைக் கூப்பிட முடியவில்லை, ஏனென்றால் அவள் வீட்டில் இன்னும் பிணம் இருக்கிறது. ராத்திரி படுத்தால் மழை வந்தால் நனைவாரே என்று எழுந்து உட்காருவாள். "அவர அனுப்பி வெச்சுட்டுத்தான் அழோணும்" என்று கிட்டானிடம் சொன்னாள். "அழுகை நெஞ்சுலயே நிக்குது, கல்லாட்டம்."

வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் நடந்து, பிறகு பஸ்ஸில், பிறகு வேன் பிடித்து. அந்தரத்தில் நிற்கிற மனிதரைப் பார்த்தால் மூச்சுக்கோளாறு தீரும் என்று யாரோ சொன்னார்கள், இன்னொருவர் வழக்கு ஜெயிக்கும் என்றார். வந்தவர்களுக்குப் பசித்தது, ஓட்டல்கள் நிரம்பின. வந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை, பாத்திரக்கடையில் ஆறுக்குட்டி படம் பொறித்த சொம்பு வந்தது, ஜவுளிக்கடையில் ஆறுக்குட்டி வேட்டி வந்தது, மில்லில் போனஸ் போட்ட நாட்களில்கூட அந்த வீதி இப்படி வியாபாரம் பார்த்ததில்லை. வணிகர் சங்கம் பாடைக்குக் கீழே ஓர் உண்டியல் வைத்தது, மேலே தகரக்கூரை போட்டு அதில் தன் பெயரைப் பெரிதாகவும் ஆறுக்குட்டி பெயரைச் சிறிதாகவும் எழுதியது. பாடையின் நிழலில் பூக்கட்டி விற்ற பெண்களிடம் நிழலுக்கு வாடகை கேட்டது. உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் எந்தக் கடை நிழலில் நின்றாலும், "ஏய், ஓரமா நில்லு" என்றவர்கள்தான் எல்லோரும்.

தொழிலாளர் தலைவர்களும் கோவையிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். ஆறுக்குட்டிக்கு அடியில் மேசை போட்டு அவரைத் தியாகி என்று பேசினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஓட்டலில் பிரியாணி தின்றுவிட்டு இருட்டுவதற்குள் போய்விட்டார்கள். ஒரு நோட்டீஸ் ஒட்டக்கூட அவர்களிடம் பசை இல்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று மயிலாத்தாளை யாரும் கேட்கவில்லை.

அவள் மறுபடி தெய்வசிகாமணியிடம் போனாள். இந்த முறை மாடிக்கு அல்ல, கடைக்கு. சொம்புகள் அடுக்கடுக்காக இருந்தன, எல்லாவற்றிலும் அவள் புருசன் முகம்.

"போதுமுங்க. அடைச்சு விடுங்க, எடுத்துட்டுப் போயி எரிச்சர்றோம்."

தெய்வசிகாமணி அவளை உட்காரச் சொன்னார், அந்தக் கடையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அடைச்சாப் போயிருவாரே மயிலா" என்றார் மெதுவாக. "யோசிச்சுப் பாரு. அவரால ஊரே பொழைக்குது. உன்ற வண்டியக்கூட இப்பெல்லாம் நாங்க தொரத்தறதில்ல பாத்தியா?"

"உசுருக்கு இழுத்துட்டுக் கெடந்தப்ப மருந்துக்குத் தொறக்கல. செத்ததுக்கப்பறம் சுடுகாட்டுக்கு அடைக்க மாட்டேங்கறீங்க."

"அப்பிடியெல்லாம் பேசாத. ஒரு டீ சாப்பிடு."

"டீ நான் விக்கறவ" என்று எழுந்தாள்.

இப்படியே போயிருக்கும், மில் அதிபர்கள் சங்கத்துக்கு வயிறு எரியாமல் இருந்திருந்தால். ஆறுக்குட்டி எங்கள் ஊழியர், எங்கள் கார்டிங் பிரிவில் இறந்தவர், அதனால் அவருடைய உண்டியலும் கூரையும் எங்களுக்கே சேரும் என்று அவர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். மில் சங்கத்து ஆட்கள் கூரையில் ஏறி வணிகர் சங்கத்தின் பெயரைத் தார் பூசி அழித்தார்கள், வணிகர் சங்கத்தார் போய் மில் கேட்டுக்கு முன்னால் குப்பையைக் கொட்டினார்கள். இரண்டு சங்கமும் ஒரு பிணத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது மோகனசுந்தரத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஆறுக்குட்டியை வணிகர் சங்கத்தின் கௌரவ உறுப்பினர் ஆக்கிவிட்டால் என்ன? உறுப்பினர் என்று ஆகிவிட்டால் அவர் நம்முடைய ஆள், மில்காரன் வாயைத் திறக்க முடியாது. மாடி முழுக்கக் கைதட்டியது. வழக்கம் ஒன்று இருப்பது யாருக்கும் நினைவு வராமல் இல்லை, ஆனால் அது சாகிற உறுப்பினருக்கு உண்டான வழக்கம், ஆறுக்குட்டியோ ஏற்கனவே செத்தவர். செத்தவன் இன்னொரு தடவை சாகமாட்டான் என்ற தைரியம்தான் அவர்களுக்கு.

விழா கடைவீதியில் நடந்தது. பந்தல், நாதஸ்வரம், ரபீக்கின் மைக். தெய்வசிகாமணி ஸ்டூலில் ஏறி ஆறுக்குட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார், கூட்டம் கைதட்டியது. மயிலாத்தாள் முன்னால் வந்து மைக்குக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க தலைவரே, ஒரு சந்தேகம். எங்கூட்டுக்காரரு இப்ப உங்க சங்கத்து ஆளுங்களா?"

"ஆமாம்மா. சந்தேகமே வேண்டாம்."

"மத்த உறுப்பினருக்கு உண்டான மரியாத பூரா அவருக்கும் உண்டுங்களா?"

தெய்வசிகாமணி மில் அதிபர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக்கை வாங்கினார். "பூராவும் உண்டு. எனக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை ஆறுக்குட்டிக்கும் உண்டு!"

கூட்டம் விசிலடித்தது. மயிலாத்தாள் ரபீக்கின் பக்கம் திரும்பினாள். "ரபீக்கு, கேட்டியா?"

"கேட்டேனுங்க்கா" என்றான் ரபீக்.

கூட்டம் கலைந்து அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றாள். "நாளைக்குக் காலையில வண்டி எடுப்பியா?"

"சங்கத்துக்காரங்க கேட்டா என்னக்கா சொல்றது?" என்றவன், கொஞ்சம் யோசித்து அவனே சிரித்தான். "சங்கத்து வேலையத்தான பாக்கறேன், வேற என்ன?"

மறுநாள் காலை மூன்றாம் ஷிப்டு விட்டதும் கிட்டானும் கார்டிங்காரர்களும் வீட்டுக்குப் போகாமல் திருப்பத்தில் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நூல் சுற்றுகிற பெண்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் முதல் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களில் பாதிப்பேரும் வந்தார்கள். கடைக்காரர்கள் அப்போதுதான் வாசல் தெளித்து, சாமிபடத்துக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்கள். ரபீக்கின் ஆட்டோ வீதிமுனையில் வந்து நின்றது. தொண்டையைச் செருமியது.

"நமது அனைத்து வணிகர் சங்கத்தின் கௌரவ உறுப்பினர், கார்டிங் ஆறுக்குட்டி அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்—"

முடிக்கவில்லை. பாத்திரக்கடை ஷட்டர் விழுந்தது. சாம்பிராணிக் கரண்டியை ஒரு கையில் பிடித்தபடியே மறுகையால் ஜவுளிக்கடைக்காரர் இழுத்தார். மளிகை விழுந்தது, நகைக்கடை விழுந்தது, ஓட்டல்காரன் சட்டுவத்தோடு ஓடிவந்து இழுத்தான், பழக்கடைக்காரர் இரண்டு கையாலும் தொங்கி இழுத்தார், மருந்துக்கடை விழுந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றன்பின் ஒன்றாக, பாத்திரக்கடையில் தொடங்கி உரக்கடையில் முடிகிற அந்த இரும்புச் சத்தம் மதில்சுவரைத் தாண்டி மில்லுக்குள் போய், பஞ்சுக்குள் நின்றிருந்தவர்கள் காதில் விழுந்து, அவர்கள் தலையைத் தூக்கினார்கள். யார் போனது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

பாடை மெல்ல இறங்கிக் கிட்டானின் தோளில் உட்கார்ந்தது. "வந்துட்டாரு" என்றான் கிட்டான். கனம் ஏறி அவன் கால்கள் ஒரு விநாடி வளைந்து, பிறகு நிமிர்ந்தன.

தெய்வசிகாமணி தன் கடையின் ஷட்டர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "தொறங்கடா! எல்லாரும் தொறங்கடா!" என்று கத்தினார். ஒருவரும் திறக்கவில்லை. பிணம் ஊர் எல்லையைத் தாண்டும்வரை திறக்கக்கூடாது, திறந்தவனை என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்ச்சாரியில் பழக்கடைக்காரர் கைகட்டிக்கொண்டு தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார், நீ முதலில் தூக்கு, பார்க்கலாம் என்பதுபோல. தெய்வசிகாமணியின் கை கைப்பிடியில் இருந்தது. தூக்கவில்லை.

"மெதுவாப் போங்கடா" என்றாள் மயிலாத்தாள். "அவசரம் ஒண்ணுமில்ல."

மெதுவாகவே போனார்கள். அடைத்த ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் நின்று நின்று போனார்கள், மருந்துக்கடை முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள். மில்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தோள் மாற்றிக்கொண்டார்கள், பெண்களும் தோள் கொடுத்தார்கள், அந்த ஊரில் பெண்கள் பாடை தூக்குகிற வழக்கம் இல்லை, அன்றைக்கு அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பாத்திரக்கடை வாசலில் தெய்வசிகாமணி, "மயிலா, இது அநியாயம்" என்றார்.

அவள் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சத்தம் நல்லா இருந்துச்சுங்க" என்றாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது, உரக்கடையைத் தாண்டி, ஊர் எல்லையைத் தாண்டி, நெருப்பு வைக்கிறவரை நிற்காத அழுகை.

சொம்புகள் விற்கவில்லை. வேன்கள் வரவில்லை. தகரக்கூரையைப் பிரித்து இரண்டு சங்கமும் பங்கு போட்டுக்கொண்டன. ரபீக்கின் ஆட்டோவைச் சங்கம் நிறுத்திவிட்டு வேறு ஆள் வைத்தது, அவன் இப்போது மில்காரர்கள் கேட்டால் மட்டும் மைக் பிடிக்கிறான், கூலி குறைவு, கூட்டம் அதிகம்.

ஆனால் அந்தத் திருப்பத்தில், ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், கடைக்காரர்கள் இன்னும் குனிந்தே போகிறார்கள். கை பழகிய மாதிரிக் கழுத்தும் பழகிவிட்டது. டாக்டரிடம் காட்டினார்கள், தைலம் தேய்த்தார்கள், நிமிர்ந்து நடப்பதற்கு ஒரு குழு அமைத்துத் தீர்மானமும் போட்டார்கள், திருப்பம் வந்ததும் தலை தானாக இறங்குகிறது. அத்தனை நாளும் அவர்களைப் போலவே குனிந்து போன மில்காரர்களுக்கு அந்தக் குனிவு இல்லை, பாடையைத் தோளில் வாங்கி நிமிர்ந்த அன்றே அவர்களிடமிருந்து கழன்றுவிட்டது.

மயிலாத்தாள் தன் தள்ளுவண்டியை அந்தத் திருப்பத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள், அதை நகர்த்தச் சொல்ல எந்த மாடிக்கும் தைரியம் வரவில்லை. காலையில் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது தெய்வசிகாமணி வருவார், அவளுக்கு நேர் எதிரே வந்ததும் தலையைத் தாழ்த்துவார், தாழ்த்தியபடியே கடந்து போவார்.

அவள் பதிலுக்கு வணக்கம் சொல்வதில்லை.